வேட்டையை மறந்த பூஞ்சை

போன மாதம், ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். பவுடரிலுள்ள பூஞ்சை வித்துகளின் எண்ணிக்கை ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, பிடிப்புச் சோதனைக்கு மட்டும் ஏன் மூன்று நாள் காத்திருக்க வேண்டும், மாதம் ஒருமுறை செய்தால் போதாதா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். உங்களுக்கு முன்பே நான் அதைக் கேட்டு, எனக்கு நானே பதிலும் சொல்லிக்கொண்டு, அந்தச் சோதனையை நிறுத்தியும் விட்டேன். அதன் பிறகு நடந்ததை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் பணி ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. நானே சொல்லிவிடுவது நல்லது.

ஆர்த்ரோபாட்ரிஸ் என்ற பூஞ்சையின் பெயரை நீங்கள் கல்லூரியில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். படத்தில் பார்ப்பது வேறு, உயிரோடு பார்ப்பது வேறு. மண்ணில் மக்கிய இலையைத் தின்றுகொண்டு, யார் கண்ணிலும் படாமல் வெள்ளை நூலாகப் படர்ந்து கிடக்கும் சாது அது. சாப்பாடு குறைந்து, பக்கத்தில் நூற்புழுக்கள் நடமாடத் தொடங்கினால் அந்தச் சாது மாறிவிடும். புழு கசியவிடும் வாடையை உணர்ந்து, நூலை வளைத்து வளைத்துக் கண்ணி பின்னும். கண்ணி முழுக்கப் பசை. ஒட்டிக்கொண்ட புழு துள்ளும். துள்ளத் துள்ள அடுத்த கண்ணியிலும் மாட்டும். பிறகு ஓர் இழை அதன் தோலைத் துளைத்து உள்ளே போகும். மறுநாள் பார்த்தால் தோல் மட்டும் வெறும் குழாயாகக் கிடக்கும். கண் இல்லை, மூளை இல்லை, தேவைப்படும்போது மட்டும் ஆயுதம் செய்துகொள்ளும் உயிர். இத்தனை வருடம் பார்த்தும் எனக்கு அது அலுக்கவில்லை.

இந்தப் பூஞ்சையைப் பவுடராக்கி, நூற்புழுவைக் கட்டுப்படுத்த விவசாயிகளுக்கு விற்பதுதான் நம் வேலை. பட்டான்செருவில் நம் ஆய்வகத்தில் நான் சேர்ந்தபோது ஒரு சின்னக் கொட்டகைதான் இருந்தது. நான் விருதுநகர்க்காரி. கணவருக்கு இங்கே மத்திய அரசு நிறுவனத்தில் வேலை என்பதால் ஹைதராபாத் வந்தவள். படிப்படியாக உயர்ந்து, வளர்ப்பறைக்கும் தரச் சான்றுக்கும் பொறுப்பானேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு மூட்டையும் வெளியே போகாது.

பூஞ்சையை நான் பார்த்துக்கொண்டேன் என்றால், புழுக்களைப் பார்த்துக்கொண்டவர் ஒரு வாணியம்பாடிக்காரர். என் வயதுதான். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கும் பாய். பின்பக்கத்துப் பசுமை வலைக்குக் கீழே வரிசையாகத் தக்காளித் தொட்டிகள் வைத்து, அவற்றின் வேரில், வேரை வீங்கவைத்துப் பயிரை வாட்டும் வேர்முடிச்சு நூற்புழுக்களை வளர்த்துவந்தார். ஊரெல்லாம் அழிக்க நினைக்கும் ஒன்றை அக்கறையோடு வளர்ப்பது அவர் வேலை. வெயில் ஏறினால் தொட்டிகளுக்கு ஈரச்சாக்கு போர்த்துவார்.

ஒவ்வொரு உற்பத்தியிலும் கொஞ்சம் எடுத்து, சத்து ஏதும் கலக்காத வெறும் அகார் கூழ்த் தட்டில் வைத்து, பாயின் புழுக்களை அதில் விட்டு, மூன்று நாள் பிடிக்கிறதா என்று பார்ப்போம். அதுதான் பிடிப்புச் சோதனை. ஆர்டர்கள் கூடிய வருடம், அந்த மூன்று நாள் எனக்குப் பெரும் தடையாகத் தெரிந்தது. அதுவரை ஒரு தட்டுகூடத் தோற்றதில்லை. வித்து எண்ணிக்கை சரியாக இருந்தால் மற்றதும் சரியாக இருக்கும் என்று முடிவு செய்து, சோதனையை நிறுத்தினேன். அரசு விதியும் எண்ணிக்கையைத்தான் கேட்கிறது.

மாதா மாதம் பாய் வளர்ப்பறை வாசலில் வந்து நிற்பார்.

"மேடம், இந்த மாசமும் புழு வேணாமா?"

"வேணாம் பாய். எண்ணிக்கை நல்லாவே வருது."

"எண்ணிக்கை வரும் மேடம். பிடிக்குதான்னு பாக்க நக்கோவா?"

"அப்புறம் பாக்கலாம் பாய்."

உருது கலந்த பேச்சு அவருடையது; "நக்கோ" என்றால் வேண்டாம். "ஹவ்", சரி, என்று தலையாட்டிவிட்டுப் போவார். இரண்டு வருடம் இப்படியே போனது. புழுக்களைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லி நான் சொல்லவும் இல்லை, அவர் போடவும் இல்லை. யாரும் கேட்காத தொட்டிகளுக்கு ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டே இருந்தார்.

அந்த இரண்டு வருடமும் நான் பூஞ்சையை நன்றாகக் கவனித்துக்கொள்வதாக நினைத்திருந்தேன். உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் கலந்த தட்டில் வளர்த்து, நன்றாகப் பொங்கி வெள்ளையாக வளர்ந்த தட்டாகப் பார்த்து அடுத்ததற்கு எடுப்பேன். அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. ஒவ்வொரு தடவையும் எது வேகமாக வளர்கிறதோ அதற்கே இடம் கொடுத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். செவெள்ளா பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். பெயர் சத்தெம்மா. ஐம்பது வயது இருக்கும். பசுமைக்குடிலில் வெள்ளரி போடுகிறவர். ஷங்கர்பள்ளி வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோ மாறி வந்திருக்கிறார். காலடியில் இரண்டு கோணிக்கட்டு, ஒன்றில் சிவப்புத் துணி, மற்றதில் பச்சைத் துணி கட்டியிருந்தது. அவர் பேசியது தெலங்கானா தெலுங்கு. அதை நம் தமிழில் தருகிறேன்.

"உங்க பவுடரைத்தான் போட்டேன். செடியெல்லாம் வாடுது," என்றார்.

எங்கள் இயக்குநரும் அப்போது கீழே இறங்கி வந்தார். கோயம்புத்தூர்க்காரர்; இந்த ஆய்வகத்தைச் சொந்த முயற்சியில் தொடங்கியவர். அவர் முன்னால் இந்தப் பெண்மணி என் பொருளைக் குறை சொல்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. நான் பொறுமையாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "நீங்க கூடவே பூஞ்சணக்கொல்லி ஏதாவது அடிச்சிருப்பீங்க. அடிச்சா இது செத்துடும்" என்றேன்.

"அடிக்கல."

"எருவோட கலக்காம போட்டிருப்பீங்க."

"கலந்துதான் போட்டேன்."

"அப்ப மண்ணுல வேற ஏதாவது கோளாறு இருக்கும்."

சத்தெம்மா தரையில் உட்கார்ந்தார். இரண்டு கட்டையும் அவிழ்த்து, வரவேற்பறை டைல்ஸ் தரையில் செடிகளைப் பரப்பினார். எல்லா வேரும் வீங்கி, முடிச்சு முடிச்சாக, சின்ன இஞ்சித் துண்டுகளைக் கோத்ததுபோல இருந்தன.

"மேடம், ஒரு வரிசைக்கு மட்டும் உங்க பவுடரைப் போடாம விட்டேன். வித்தியாசம் தெரியணுமே, அதுக்காக. ஒரு கட்டு போட்டது, இன்னொண்ணு போடாதது. எது எதுன்னு நீங்க சொல்லுங்க."

நான் குனிந்தேன். சிவப்பில் ஒரு வேரை எடுத்தேன், பச்சையில் ஒன்று. பிறகு வேறு இரண்டு. எதை எதோடு ஒப்பிட்டாலும் ஒன்றுபோலவே இருந்தன. இயக்குநர் என்னைப் பார்த்தார். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"சொல்ல முடியலம்மா," என்றேன்.

"எனக்கும் முடியல. அதான் வந்தேன்," என்றார் அவர். குரலில் குத்தல் இல்லை. என்னைத் தோற்கடிக்க அவர் அவ்வளவு தூரம் வந்திருக்கவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். பட்டம் வாங்கிய நான் ஒரு வரிசையை விட்டுவைத்துப் பார்க்காமல் இரண்டு வருடம் கையெழுத்துப் போட்டேன். பள்ளிக்கூடம் தாண்டாத அவர், தன் பயிரிலேயே ஒரு வரிசையைப் பணயம் வைத்துப் பார்த்திருக்கிறார். குறையோடு வருகிறவரிடம் சான்றிதழை நீட்டும் முன் அவர் கொண்டுவந்த வேரைப் பாருங்கள். நான் முதலில் அதைச் செய்யவில்லை.

அன்றைக்கே பாயிடம் போனேன். "பாய், புழு வேணும்" என்றேன். இரண்டு வருடத்தை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்காட்டவில்லை. "எத்தனை தட்டு மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். பூஞ்சை தட்டு முழுக்க அழகாகப் படர்ந்திருந்தது. கண்ணி ஒன்றுகூட இல்லை. புழுக்கள் அந்த நூல்களின் மேல் ஏறி, இறங்கி, புகுந்து, தங்கள் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தன. அடுத்த தட்டும் அப்படியே. இருபது தட்டிலும் ஒரு புழுகூடச் சாகவில்லை. சர்க்கரையிலேயே வைத்து, வேகமாக வளர்வதையே பொறுக்கிப் பொறுக்கி எடுத்து, வேட்டையாடுகிற குணத்தை நானே கழித்துக் கட்டியிருக்கிறேன். பாய் பக்கத்தில் நின்று தானும் பார்த்தார்.

"சோம்பேறி ஆயிடுச்சு மேடம்," என்றார் மெதுவாக. "அது மேல தப்பு இல்ல."

மூலக் கலன், அதாவது முதன்முதலில் பிரித்தெடுத்துச் சேமித்துவைத்த வளர்ப்பு, உயிரோடு இருந்தால் அதிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கலாம். குளிர்ப்பெட்டியில் வைத்திருந்த குழாய்களை எடுத்துப் பார்த்தால் எல்லாம் உலர்ந்து செத்திருந்தன. அதையும் சரிபார்க்க வேண்டியவள் நான்தான்.

அதே வெள்ளிக்கிழமை பிற்பகலில், பருவத்துக்கான பெரிய சரக்கு லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. சான்றிதழ் என் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. நான் இயக்குநர் அறைக்குப் போனேன்.

"எண்ணிக்கை சரியா இருக்குதுங்களா மேடம்?" என்றார்.

"சரியா இருக்கு சார்."

"யாருக்காச்சும் கெடுதல் வருமுங்களா?"

"வராது சார். நல்லதும் வராது."

அவர் பேனாவை மேஜையில் வைத்தார். "ரூல் என்ன கேக்குதோ அது உள்ள இருக்குதுங்க. இன்னிக்கு இந்த லோடு போகட்டும். அடுத்த லாட்ல சரி பண்ணிக்கலாமே?"

"பூஞ்சையோட பேர் இருக்கு சார், அது செய்யிற வேலை இல்ல. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"நேத்து வரைக்கும் போட்டது யாருங்க?"

"நான்தான் சார்."

"எவ்வளவு நாளா இப்படி இருக்குதுங்க?"

என் வேலைக்காலத்தில் நான் சொன்னவற்றிலேயே மிகக் கஷ்டமான பதில், இந்தக் கேள்விக்குச் சொன்னதுதான். ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். சரிபார்க்க யாராலும் முடியாது.

"தெரியல சார். ரெண்டு வருஷமா நான் பாக்கவே இல்ல."

அவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கீழே மூட்டை ஏற்றும் சத்தம் கேட்டது. என்னை அனுப்பிவிட்டு, எனக்கு அடுத்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ள அவருக்கு இரண்டு நிமிடம் போதும். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். மனதுக்குள் வீட்டில் எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவர் போனை எடுத்து, லாரியை நிறுத்தச் சொன்னார். ஏற்றியதை இறக்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வாங்குனவங்க லிஸ்ட் எடுங்க. பாதி நீங்க கூப்பிடுங்க, பாதி நான் கூப்பிடறேன். என்ன சொல்றதுன்னு எழுதிக்க வேண்டாம். நடந்ததச் சொல்லுவோம்."

"சார், என்னை..."

"உங்களை என்ன பண்றதுன்னு அப்புறம் பாக்கலாங்க. மொதல்ல இது."

அன்றும் மறுநாளும் போன் செய்தோம். ஜஹீராபாதில் ஒருவர் திட்டித் தீர்த்துவிட்டு வைத்தார். கொய்யாத் தோப்புக்காரர் ஒருவர், ஒரு கம்பெனி தானாகக் கூப்பிட்டுத் தப்பைச் சொல்வதை நம்பாமல், வேறு எதையோ விற்கப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டார். மூன்று முறை விளக்கிய பிறகுதான் கோபப்பட்டார். கோபப்பட்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அடுத்த அறையில் இயக்குநரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓர் இடத்திலும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை. "எங்க சோதனைல விட்டுட்டோமுங்க" என்றே சொன்னார். பணியில் நான் யாரையாவது வணங்கியிருக்கிறேன் என்றால் அந்த இரண்டு நாள் அவரைத்தான்.

சத்தெம்மாவுக்கு நேரில் போய்ச் சொன்னேன். பாயும் வந்தார். பசுமைக்குடிலின் வாசலில் நின்று, தப்பு எங்களுடையது என்றும், நான் உங்களைக் குறை சொன்னது தவறு என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அந்தப் பயிர் போனது போனதுதான்.

பிறகு, "இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்றார்.

"மண்ணுலேருந்து புதுசா தேடணும்மா. புழு நிறைய இருந்தும் செடி நல்லா இருக்கிற இடம் ஏதாவது இருந்தா, அங்க அது இருக்கலாம்."

அவர் யோசிக்கவே இல்லை. எங்களைப் பின்கதவுப் பக்கம் கூட்டிப்போனார். பழைய கொடிகளையும் இலைகளையும் பல பருவமாகக் குவித்துவைக்கும் இடம். அதை ஒட்டி நான்கு வெள்ளரிக் கொடிகள் மட்டும் பச்சையாக நின்றன.

"இந்த நாலும் எப்பவும் இப்படித்தான். மூணு பருவமா பாக்கறேன். ஏன்னு தெரியல. உங்க ஆளு ஒருத்தர்கிட்டச் சொன்னேன், தண்ணி அதிகமா போகுதுன்னாரு."

பாய் மண்டியிட்டு, வேருக்குப் பக்கத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்த மண்ணைச் சிட்டிகை சிட்டிகையாக வெறும் அகார் தட்டுகளில் தூவி, பாயின் புழுக்களை இரையாக விட்டோம். முதல் வாரம் ஒன்றும் இல்லை. கண்ட பூஞ்சைகள் எல்லாம் முளைத்தன. ஒரு தட்டு வரிசையைப் பூஞ்சை தின்னும் நுண்ணிய உண்ணிகள் புகுந்து நாசமாக்கின. இயக்குநர் தினமும் காலையில் எட்டிப்பார்ப்பார், கேட்க மாட்டார், போய்விடுவார். உற்பத்திக் கூடம் சும்மா கிடந்தது. வேறு ஆய்வகத்திலிருந்து ஒரு வளர்ப்பை வாங்கி ஒப்பேற்றிவிடலாம் என்று எனக்கே இரண்டு தரம் தோன்றியது. பாய்தான், "இன்னும் நாலு நாள் மேடம். அது அவசரப்படாது, நாம ஏன்?" என்றார்.

பதினோராம் நாள் காலை பத்தரை மணிக்கு, வளர்ப்பறைக் கதவைத் திறந்து பாய் எட்டிப்பார்த்தார்.

"கொஞ்சம் வாங்க மேடம்."

மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தேன். ஒரு நிமிர்ந்த காம்பு, அதன் உச்சியில் திராட்சைக் கொத்துபோல வித்துகள். காம்பின் அடியில் நூல் வளைந்து, ஒரு கண்ணி, அதன் மேல் இன்னொரு கண்ணி, பக்கத்தில் மூன்றாவது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு புழு நெளிந்து வந்தது. முதல் கண்ணியை உரசிக்கொண்டு தாண்டியது. இரண்டாவதில் தலை பட்டதும் நின்றது. உடம்பு முழுவதையும் இடமும் வலமுமாக வீசி அடித்தது. கண்ணி அசைந்துகொடுத்ததே தவிர விடவில்லை. வால் போய் மூன்றாவதில் ஒட்டிக்கொண்டது. அரை மணி நேரம் நான் எழுந்திருக்கவில்லை. எனக்குத் தெரியாமலே ஒரு குப்பைமேட்டுக்கு அடியில், யாருடைய சான்றிதழும் இல்லாமல், அது தன் வேலையை மூன்று பருவமாகச் செய்துகொண்டிருந்திருக்கிறது.

அன்றிலிருந்துதான் இப்போது நீங்கள் பின்பற்றும் முறைகள் வந்தன. மூலக் கலன் மூன்று இடத்தில் இருக்கும். சில தலைமுறைக்கு ஒருமுறை பூஞ்சையைப் பட்டினி போட்டு, புழுவைப் பிடிக்கவைத்து, பிடித்ததிலிருந்துதான் அடுத்ததை எடுப்போம். எந்த மூட்டையும் பிடிப்புச் சோதனை முடியாமல் போகாது. எனக்குத் தண்டனை என்று ஒன்றும் வரவில்லை. ஆனால் ஒரு வருடம் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பாயின் கையெழுத்தும் வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு போட்டார். சரியான உத்தரவு. வருடம் முடிந்து அதை எடுத்துவிடலாம் என்றபோது, இருக்கட்டும் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

புதிய வளர்ப்பிலிருந்து செய்த முதல் பவுடரைச் சத்தெம்மாவின் அடுத்த பயிருக்குக் கொடுத்தோம். அறுவடை முடிந்து வேர்களைப் பிடுங்கியபோது நானும் பாயும் அங்கே இருந்தோம். முடிச்சுகள் குறைந்திருந்தன, ஆனால் இல்லாமல் போகவில்லை. சில செடிகள் நன்றாக இருந்தன, சில சுமார். அற்புதம் எதையோ எதிர்பார்த்துப் போன எனக்கு முகம் வாடிவிட்டது. சத்தெம்மா ஒவ்வொரு வேராகத் திருப்பிப் பார்த்தார். அவசரமே படவில்லை. அக்கம்பக்கத்துப் பசுமைக்குடில்காரர்கள் நாலைந்து பேர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எப்படி இருக்கு?" என்று அவரைத்தான் கேட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து சொன்னார்:

"புழுவை முழுசா ஒழிக்காது. குறைக்கும். மக்கின எருவோட போடணும், ஒரு பயிர்க்காலம் பொறுக்கணும். மருந்து அடிச்சா இது செத்துடும்."

திரும்பி வரும் வழியில் பாய் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் இயக்குநர் படித்தார். இரண்டு முறை படித்துவிட்டு, பழைய பைகளில் நாங்கள் அச்சடித்திருந்த பெரிய பெரிய வாக்கியங்களை எல்லாம் பேனாவால் அடித்துவிட்டு, அந்த இடத்தில் இதைப் போடச் சொன்னார். நீங்கள் தினமும் தைத்து மூடி அனுப்பும் பையின் பின்பக்கத்தில், தெலுங்கில் நான்கு வரி இருக்கிறதே, அது சத்தெம்மா சொன்னது. ஒரு வார்த்தையும் நாங்கள் மாற்றவில்லை.